வெள்ளைப்படுதலுக்கும் எச்.ஐ.வி.க்கும் நடுவே என்ன இருக்கிறது?

புனே நகரின் பால்வினை நோய்ச் சிகிச்சையகங்களுக்கு 1993 முதல் 1996 வரை வந்த 916 பெண்களைத் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தார் பரிசோதித்தார்கள். அவர்களில் 525 பேர் பாலியல் தொழிலாளர்கள். மீதி 391 பேருக்கு அந்தத் தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலோர் மணமானவர்கள், வாழ்நாளில் ஒரே ஆணோடு மட்டும் உறவு கொண்டவர்கள். முதல் பிரிவில் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அன்றைய நிலவரத்தில் அது யாருக்கும் வியப்பளித்திருக்காது. திகைக்க வைத்தது இரண்டாம் பிரிவு. அங்கே 13.6 சதவீதம் பேருக்குத் தொற்று. யாருக்கு அபாயம் கூடியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பால்வினை நோய் உள்ள துணைவரோடு உறவு ஏற்பட்டிருந்தது முக்கியக் காரணியாக வந்து நின்றது. 1997இல் இந்த முடிவு வெளியானபோது, "ஒழுக்கமாக இருந்தால் எய்ட்ஸ் வராது" என்ற அன்றைய சுவர் விளம்பர அறிவுரைக்கு அர்த்தமில்லாமல் போனது. ஒழுக்கமாக இருந்தவர்கள்தான் அந்த 391 பேரில் பெரும்பாலோர்.

இதில் ஒரு கணக்கு உறுத்தும். எச்.ஐ.வி. அவ்வளவு எளிதில் தொற்றும் வைரஸ் அல்ல. தொற்றுள்ள ஆணோடு ஆணுறையில்லாமல் ஒருமுறை உறவு கொள்ளும் பெண்ணுக்கு அது தொற்றும் வாய்ப்பு சராசரியாகப் பத்தாயிரத்தில் 8 என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. பிறகு எப்படி இது நாடு நாடாகப் பரவியது? அந்தச் சராசரிக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. துணைவரின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பது முதல் காரணம். பெண்ணின் பிறப்புறுப்புப் பாதை அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். ஆராய்ச்சி நேர்கோட்டில் போகவில்லை. பல இடங்களில் முகத்தில் அடித்தாற்போல் தோற்றது. அந்தத் தோல்விகளிலிருந்து கற்றதுதான் அதிகம்.

எல்லாமே பால்வினை நோய் அல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வெள்ளைப்படுதல், அரிப்பு, அடிவயிற்று வலி என்று மருத்துவரிடம் போகும் பெண்ணுக்குத் தொற்று இருந்தால் அது மூன்று வழிகளில் ஒன்றில் வந்திருக்கலாம். வெட்டை நோய், கிளமிடியா, சிபிலிஸ், டிரைக்கோமோனஸ், ஹெர்பீஸ், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் போன்றவை உடலுறவால் வருபவை. சுத்தமில்லாத கருவிகளால் பிரசவமோ கருக்கலைப்போ நடந்தபோது, அல்லது காப்பர்-டி பொருத்தியபோது உள்ளே நுழைந்தவை இரண்டாம் வகை. மூன்றாவது வகைதான் மிகப் பரவலானது. அந்தப் பெண்ணின் உடலில் ஏற்கெனவே வாழும் நுண்ணுயிர்களே அளவு மீறிப் பெருகிவிடுவது. கேண்டிடா என்ற பூஞ்சை பெருகினால் தயிர்த்திப்பி போன்ற வெள்ளையும் கடும் அரிப்பும் வரும். பாக்டீரியா வகைகள் பெருகினால் சாம்பல் நிறத்தில் நீர்த்த திரவமும் மீன்வாடையும் வரும். இதற்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று பெயர். இனி சுருக்கமாக வஜைனோசிஸ் என்கிறேன்.

மருந்துச் சீட்டில் "இருவரும் சாப்பிட வேண்டும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டில் சந்தேகப்புயல் கிளம்புவது நம் ஊரில் நடக்கிற கதைதான். வெள்ளைப்படுதல் என்றாலே யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று பொருள் அல்ல. மாதச் சுழற்சியின் நடுவில் வரும் தெளிவான, வாடையில்லாத கசிவு நோயே அல்ல.

நோய் எவ்வளவு பரவலானது என்பதை மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங் நடத்திய ஆய்வு காட்டியது. இரண்டு கிராமங்களில் 650 பெண்களை, நோய் என்று வந்தவர்களை மட்டும் பார்க்காமல் ஊரோடு சேர்த்துப் பரிசோதித்தார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோய் இருந்தது. ஆளுக்குச் சராசரியாக 3.6 நோய்கள். அவற்றில் பாதி, பிறப்புறுப்புத் தொற்றுகள். அதற்கு முன் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள் வெறும் 8 சதவீதம். 1989இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியாகும்வரை ஏழை நாட்டுப் பெண்களின் உடல்நலம் என்றால் பிரசவமும் குடும்பக்கட்டுப்பாடும் என்றே கொள்கை வகுப்பவர்கள் நினைத்திருந்தார்கள். அந்தப் பெண்களில் பலருக்குத் தொந்தரவு என்று சொல்ல எதுவுமே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறிகுறி இல்லாத தொற்று என்ற இந்தப் பிரச்சினை கட்டுரை முழுக்க நம்மைத் துரத்தும்.

வைரஸுக்கு வழி திறப்பது எப்படி

நலமான யோனிக்குள் லாக்டோபேசிலஸ் இனத்து பாக்டீரியாக்கள் கோலோச்சுகின்றன. ஜெர்மானிய மருத்துவர் டோடர்லைன் 1892இலேயே இவற்றை விவரித்தார். யோனிச் சுவரின் உயிரணுக்களில் சேமித்திருக்கும் கிளைக்கோஜனிலிருந்து வரும் சர்க்கரையை இவை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால் அந்த இடத்தின் பி.எச். அளவு 4.5க்குக் கீழேயே இருக்கிறது (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள்). இந்தப் புளிப்பில் பெரும்பாலான வேற்றுக் கிருமிகள் தழைப்பதில்லை. எச்.ஐ.வி.யும் லாக்டிக் அமிலத்தில் செயலிழக்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

அமிலத்துக்கு அடுத்த அரண் யோனியின் பல அடுக்குச் சுவர். புண் வந்தால் இது நேரடியாக உடைகிறது. சிபிலிஸ், ஹெர்பீஸ் போன்ற புண் நோய்கள் எச்.ஐ.வி. அபாயத்தைக் கூட்டுவது எளிதில் விளங்கும். புண்ணே இல்லாத தொற்றுகளும் கூட்டுவதுதான் விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

அதற்குக் காரணம் அழற்சி. எங்கே தொற்று வந்தாலும் உடல் தன் நோய் எதிர்ப்பு அணுக்களை அங்கே அனுப்பும். காவல் நிலையத்திலிருந்து ஆட்கள் ஓடிவருவது போல. எச்.ஐ.வி.யிடம் உள்ள வக்கிரம் என்னவென்றால் அது குறிவைப்பதே அந்தக் காவலர்களைத்தான். சிடி4 என்ற வெள்ளணுக்களுக்குள், அதிலும் சிசிஆர்5 என்ற ஏற்பி உள்ளவற்றுக்குள், அது புகுந்து பெருகுகிறது. சாதாரண நாளில் யோனிச் சுவரில் இத்தகைய அணுக்கள் குறைவு. உள்ளே நுழைந்த வைரஸ் துகள் தனக்கேற்ற இரை கிடைக்காமலே அழிந்துபோக வாய்ப்பு அதிகம். கிளமிடியாவோ வஜைனோசிஸோ அங்கே அழற்சியை மூட்டி வைத்திருந்தால் இரை வரிசையில் நிற்கிறது.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்கிறது. தொற்று இருக்கும் இடத்தில் எச்.ஐ.வி. உள்ளவரின் உடலிலிருந்து அதிக வைரஸ் வெளியேறுகிறது. மலாவி நாட்டில் 1997இல் வெளியான ஆய்வொன்றில், சிறுநீர்த்தாரை அழற்சி உள்ள எச்.ஐ.வி. ஆண்களின் விந்தில் மற்றவர்களைவிட எட்டு மடங்கு வைரஸ் இருந்தது. வெட்டை நோய்க்கு மருந்து கொடுத்ததும் அது இறங்கியது. இத்தனைக்கும் ரத்தத்தில் வைரஸ் அளவு மாறவில்லை. வஜைனோசிஸ் உள்ள எச்.ஐ.வி. பெண்களிடமிருந்து அவர்களின் ஆண் துணைவருக்குத் தொற்றும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் என்று ஆப்பிரிக்கத் தம்பதியரிடம் நடந்த ஆய்வு 2012இல் சொன்னது. புனேயின் அந்த மனைவியர் விஷயத்தில் இந்த இரண்டு திசைகளும் ஒரே படுக்கையில் சந்தித்திருக்கக்கூடும்.

மருந்து கொடுத்தால் எச்.ஐ.வி. குறையுமா?

இங்கேதான் ஆராய்ச்சியின் அடிப்படைச் சிக்கல் வருகிறது. பால்வினை நோய் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. அதிகம் என்று ஆயிரம் ஆய்வுகள் காட்டலாம். ஆனால் இரண்டுமே ஒரே வழியில் வருபவை. ஒன்று இன்னொன்றுக்குக் காரணமா, அல்லது இரண்டும் ஒரே காரணத்தின் விளைவா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இதைத் தீர்க்க ஒரே வழி உண்டு. சில ஊர்களில் பால்வினை நோய்களைத் தீவிரமாகக் குணப்படுத்திவிட்டு, வேறு சில ஊர்களை வழக்கம்போல் விட்டு, எங்கே எச்.ஐ.வி. குறைகிறது என்று பார்ப்பது.

தான்சானியாவில் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள முவான்சா வட்டாரத்தில் இதைச் செய்தார்கள். 12 சமூகங்களை ஆறு ஜோடிகளாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றில் மட்டும் ஆரம்பச் சுகாதார நிலையப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருந்து தட்டுப்பாடில்லாமல் கிடைக்கச் செய்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. அறிகுறியோடு வந்தவர்களுக்கு ஒழுங்காக மருந்து கிடைத்தது, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளில் புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. 1995இல் இது வெளியானதும் பொதுச் சுகாதாரத் துறையில் கொண்டாட்டம். எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கைகொடுக்கும் மருந்துகள் ஏழை நாடுகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலம் அது. மலிவான ஆன்டிபயாடிக் மாத்திரைகளால் கிட்டத்தட்டப் பாதியைத் தடுக்கலாம் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது?

நான்கு ஆண்டுகளில் அந்த மகிழ்ச்சி கலைந்தது. பக்கத்து நாடான உகாண்டாவின் ராகாய் மாவட்டத்தில் இன்னும் பெரிதாக ஒரு சோதனை. அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று பாராமல், பத்து மாதங்களுக்கு ஒருமுறை வீடு தேடிப்போய் எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஒப்பீட்டு ஊர்களில் பூச்சி மாத்திரையும் வைட்டமினும். சிபிலிஸ் குறைந்தது. டிரைக்கோமோனஸ் குறைந்தது. எச்.ஐ.வி.? இரண்டு பக்கமும் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.5 பேர். அச்சு அசலாக ஒரே அளவு. 1999இல் முடிவு வெளியானது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் பலன் தெரிந்தது. எடை குறைந்த குழந்தைகள் குறைவாகப் பிறந்தன. பிறகு உகாண்டாவின் மசாகாவில் நடந்த மூன்றாவது சோதனையிலும் எச்.ஐ.வி. அசையவில்லை.

ஏன் இந்த முரண்? பின்னர் தரவுகளைக் கிளறிப் பார்த்தவர்கள் சொன்ன விளக்கங்களில் இரண்டு எனக்கு நியாயமாகப் படுகின்றன. முவான்சாவில் கொள்ளைநோய் அப்போதுதான் தலைதூக்கியிருந்தது. அந்தக் கட்டத்தில் வைரஸ் பெரும்பாலும் பல துணைகள் உள்ள, பால்வினை நோய்கள் மலிந்த சிறு குழுவுக்குள்தான் சுழலும். அங்கே சங்கிலியை அறுத்தால் பலன் பெரிது. ராகாயில் அது ஏற்கெனவே ஊர் முழுக்கப் பரவி, எந்தப் பால்வினை நோயும் இல்லாத தம்பதியருக்குள்ளும் தொற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது, ராகாயில் மிச்சமிருந்த பிரச்சினைகள் அந்த மாத்திரைகளுக்கு அடங்காதவை. புண்களில் பெரும்பங்கு ஹெர்பீஸ். அது வைரஸ், ஆன்டிபயாடிக்குக்குப் பணியாது. பெண்களில் சுமார் பாதிப் பேருக்கு வஜைனோசிஸ். அது பத்து மாதத்துக்கு ஒரு டோஸுக்கு மசியும் ரகம் அல்ல.

சரி, ஹெர்பீஸைக் கட்டுப்படுத்திப் பார்ப்போம் என்று அடுத்த படையெடுப்பு. தர்க்கம் கச்சிதமாக இருந்தது. ஹெர்பீஸ் வகை 2 உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் மூன்று மடங்கு என்று 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருந்தார்கள். ஹெர்பீஸை அடக்கும் அசைக்ளோவிர் மலிவான, பாதுகாப்பான மாத்திரை. தினம் இரண்டு வேளை 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். புண்கள் குறைந்தன. எச்.ஐ.வி. குறையவில்லை. 2008இல் இரண்டு தனித்தனிச் சோதனைகள் இதையே சொல்லின.

அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். ஹெர்பீஸ் புண் ஆறிய இடத்திலிருந்து சிறு திசுத்துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். மேலே தோல் மூடி, பார்வைக்கு எல்லாம் சரியாகிவிட்ட பிறகும், அடியில் எச்.ஐ.வி. விரும்பும் அந்த சிடி4 அணுக்கள் மாதக்கணக்கில் முகாமிட்டிருந்தன. தினம் அசைக்ளோவிர் சாப்பிட்டவர்களிடமும் அப்படியே. கிருமியை அடக்குவது வேறு, அது கூட்டிவிட்ட கூட்டத்தைக் கலைப்பது வேறு. இந்தத் துறையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அழற்சியை நாமே உண்டாக்கிவிட்ட சோகக்கதையும் உண்டு. நொனாக்சினால்-9 என்பது விந்தணுவைக் கொல்லும் வேதிப்பொருள். ஆய்வுக்கூடத்தில் எச்.ஐ.வி.யையும் கொன்றது. பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடம் இந்த ஜெல்லைக் கொடுத்துப் பார்த்தபோது, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு எச்.ஐ.வி. கூடுதலாக வந்தது. வைரஸைக் கொல்லும் பொருள் யோனிச் சுவரையும் அரித்திருந்தது. செல்லுலோஸ் சல்ஃபேட் என்ற இன்னொரு ஜெல்லின் சோதனையில் சென்னையும் கர்நாடகத்தின் பாகல்கோட்டும் மையங்களாக இருந்தன. பலனுக்குப் பதில் தீங்கு வருமோ என்ற அச்சத்தில் 2007 ஜனவரியில் அதையும் பாதியில் நிறுத்தினார்கள்.

டர்பன் நகரத்துப் பெண்கள்

இதற்குப் பிறகு ஆய்வாளர்களின் கவனம் தனித்தனிக் கிருமிகளிலிருந்து, யோனிக்குள் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தின் மீது திரும்பியது. மரபணு வரிசையைப் படிக்கும் தொழில்நுட்பம் மலிவானதும் இதற்குக் கைகொடுத்தது. 2011இல் அமெரிக்காவில் 396 பெண்களின் மாதிரிகளை ஆராய்ந்து ஐந்து வகைக் கூட்டங்களைப் பிரித்தார்கள். நான்கில் ஏதாவது ஒரு லாக்டோபேசிலஸ் இனம் ஆட்சி செய்கிறது. ஐந்தாவதில் அது ஒதுங்கி, கார்ட்னரெல்லா, பிரிவோடெல்லா போன்ற பல்வேறு பாக்டீரியாக்கள் கலந்து குடியிருக்கின்றன. இந்தக் கலப்புக் கூட்டம் உள்ள பெண்கள் எல்லாருக்கும் வாடையோ கசிவோ இருப்பதில்லை. பலருக்கு எதுவுமே தெரியாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய உம்லாசியில் 18 முதல் 23 வயதுள்ள எச்.ஐ.வி. இல்லாத பெண்களைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். உலகிலேயே இளம்பெண்களுக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றும் வேகம் மிக அதிகமான பகுதிகளில் அது ஒன்று. கலப்புக் கூட்டம் உள்ள பெண்களுக்குத் தொற்றும் அபாயம் லாக்டோபேசிலஸ் கிரிஸ்பேட்டஸ் இனம் ஆளும் பெண்களைவிட நான்கு மடங்கு என்று 2017இல் அறிவித்தார்கள். மேலே சொன்ன சிடி4 அணுக்கள் கலப்புக் கூட்டத்தாரின் பிறப்புறுப்பில் கூடுதலாக இருந்தன. அந்தப் பாக்டீரியாக்களை எலிகளுக்குள் செலுத்தியபோதும் அதே அழற்சி வந்தது. இது வெறும் தற்செயல் தொடர்பல்ல என்பதற்கு அது நல்ல சான்று.

அதே டர்பனில் இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. குவாரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் தம்பதியர் தலைமையில் டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை ஜெல்லாக்கி 889 பெண்களிடம் சோதித்தார்கள். 2010இல் வியன்னா மாநாட்டில் முடிவை அறிவித்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 39 சதவீதப் பாதுகாப்பு. பெண் தன் கையால், துணைவரின் சம்மதத்துக்குக் காத்திராமல் பயன்படுத்தக்கூடிய ஒன்று முதல்முறையாகப் பலித்தது. ஆனால் ஏன் 39தான்? சிலர் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்பது உண்மை. ஏழு ஆண்டு கழித்து இன்னொரு காரணமும் கிடைத்தது. லாக்டோபேசிலஸ் ஆளும் பெண்களுக்கு ஜெல் 61 சதவீதம் பாதுகாப்புத் தந்திருந்தது. மற்றவர்களுக்கு 18 சதவீதம்தான். கார்ட்னரெல்லா பாக்டீரியா அந்த மருந்தையே விழுங்கிச் சிதைத்துவிட்டது. மருந்து உயிரணுவுக்குள் போவதற்கு முன்னாலேயே கதை முடிந்திருந்தது.

அதே மருந்தை மாத்திரையாக விழுங்கும்போது இந்தச் சிக்கல் வருவதில்லை. அது ரத்தம் வழியாகப் போய்ச் சேர்கிறது. வஜைனோசிஸ் இருக்கும் பெண்களிடமும் தடுப்பு மாத்திரை சமமாக வேலை செய்தது என்று அதே 2017இல் உறுதியானது.

திரும்பத் திரும்ப வரும் தொல்லை

அப்படியானால் வஜைனோசிஸைக் குணப்படுத்திவிட்டால் போதுமே என்று தோன்றும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகத்தான் செய்கிறது. ஆனால் ஓராண்டுக்குள் பாதிப் பெண்களுக்கு மேல் மறுபடி வந்துவிடுகிறது. இப்போதைய மருந்துகள் வேண்டாத கிருமிகளைக் கொல்கின்றன. வேண்டியவற்றைக் குடியேற்றுவதில்லை.

இதற்கு இரண்டு புதிய வழிகள் தெரிகின்றன. ஒன்று, மருந்துக்குப் பின் கிரிஸ்பேட்டஸ் பாக்டீரியாவையே பொடியாக உள்ளே வைப்பது. 2020இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 12 வாரத்தில் திரும்ப வருவது 45 சதவீதத்திலிருந்து 30 ஆகக் குறைந்தது. (யூடியூபில் தயிரை உள்ளே தடவச் சொல்கிறார்களே, அது இதுவல்ல. தயிர் உறையவைப்பவை வேறு இனங்கள். டெட்டால், சோப்பு, வாசனைத் திரவம் எதையும் உள்ளே விட்டுக் கழுவுவதும் கூடாது. இருக்கிற நல்ல பாக்டீரியாவும் அடித்துக்கொண்டு போகும்.) மற்றது, கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை. வஜைனோசிஸ் பெண்ணின் பிரச்சினை மட்டுமே என்று பல பத்தாண்டுகளாகப் பாடநூல்கள் சொல்லிவந்தன. ஆஸ்திரேலியாவில் ஆண் துணைவருக்கு மாத்திரையும் ஆண்குறியில் தடவக் களிம்பும் ஒரு வாரம் கொடுத்தார்கள். 12 வாரத்தில் நோய் திரும்பியது 35 சதவீதப் பெண்களுக்கு. கணவருக்குச் சிகிச்சை தராத பிரிவில் 63 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தி 2025இல் வெளியிட்டார்கள். இது எச்.ஐ.வி.யைக் குறைக்குமா என்று கேட்டால், அதற்குத் தனிச் சோதனை வேண்டும். முவான்சா கற்றுக்கொடுத்த பொறுமை இங்கே உதவும்.

யோனியின் நிலை எப்படியிருந்தாலும் கவலைப்படாத தடுப்பு முறை ஒன்று இதற்குள் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் லெனகாபாவிர் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். 2025 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. அதேபோல, எச்.ஐ.வி. உள்ளவர் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் அவரிடமிருந்து உடலுறவால் தொற்றுவதில்லை. 888 தம்பதியரை வைத்து 2016இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் ஒருவரிடமிருந்து அவர் துணைக்குத் தொற்றியதாக ஒரு நிகழ்வும் இல்லை. அவர்களில் சிலருக்கு நடுவில் பால்வினை நோய்களும் வந்திருந்தன.

எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு

இதுவரை தொற்று எப்படி எச்.ஐ.வி.க்கு வழிவிடுகிறது என்றே பேசினோம். எச்.ஐ.வி. வந்த பிறகு மற்ற தொற்றுகள் கடுமையாகின்றன. பூஞ்சை அடிக்கடி வரும், ஹெர்பீஸ் புண் ஆற மறுக்கும். இவை தொல்லைகள். உயிருக்கு ஆபத்தானது எச்.பி.வி. சாதாரணமாக அந்த வைரஸை உடலே ஓரிரு ஆண்டில் துடைத்துவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அது தங்கிவிடுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் அவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. அதனால்தான் பொதுவாக 30 வயதில் தொடங்கச் சொல்லும் பரிசோதனையை, எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்கி, எச்.பி.வி. சோதனையாக இருந்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. யாரும் கூப்பிட்டுச் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நம் அரசு மருத்துவமனைகளில் நடைமுறை எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். 'சுரக்ஷா' என்ற பெயரில் இயங்கும் சிகிச்சையகங்களில் அறிகுறியை வைத்து நிறம் பிரித்த மருந்துப் பொதிகள் கொடுக்கிறார்கள். யோனி அழற்சிக்குப் பச்சை, கருப்பை வாய் அழற்சிக்குச் சாம்பல், அடிவயிற்று வலிக்கு மஞ்சள் என்று மொத்தம் ஏழு. ஆய்வுக்கூட முடிவுக்காக நோயாளி இன்னொரு நாள் அலைய வேண்டியதில்லை என்பது இதன் பலம். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. கிளமிடியா உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை, அவர்கள் இந்த வலையில் விழமாட்டார்கள். வெள்ளைப்படுகிறது என்று வருகிற எல்லாருக்கும் தொற்றும் இருப்பதில்லை. கோவாவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், வெள்ளைப்படுதல் என்ற புகாரோடு கிருமிகளைவிட மனச்சோர்வும் வீட்டு நெருக்கடிகளும்தான் நெருக்கமாகப் பிணைந்திருந்தன. அந்தப் பெண்ணுக்குப் பச்சைப் பொதி எந்தப் பலனும் தராது. உட்கார வைத்துப் பேச ஆள் வேண்டும்.

எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை இரண்டும் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசம். பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும், முடிவு ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் உறுதி செய்திருக்கிறது. போகும் முன் பேசிக்கொள்ள 1097 என்ற கட்டணமில்லா எண் உண்டு. வாடையுள்ள கசிவு, உறவின்போது வலி, புண், மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். துணைவரையும் அழைத்துப் போங்கள். அவர் வர மறுத்தால் அவருக்கான மருந்தைக் கையில் கொடுத்தனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.